50,000 மெயில் ஐடி வேணாம், உங்ககிட்ட வாங்கினவங்க போதும்

கேள்வி: வணக்கம் சார். நாங்க ஆம்பூர். என் வீட்டுக்காரர் ரொம்ப வருஷம் ஷூ கம்பெனில கட்டிங் செக்‌ஷன்ல இருந்தவரு. இப்ப வீட்டு மாடியிலயே ரெண்டு மிஷின் போட்டு பர்ஸ், பெல்ட், லேடீஸ் பேக் பண்றோம். ஷாப்பிஃபைல சொந்தமா ஒரு கடையும் வச்சிருக்கோம். இதுவரைக்கும் 640 ஆர்டர் போயிருக்கு, அதுல 400க்கு மேல அமேசான், ஃப்ளிப்கார்ட் வழியா வந்தது. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு காசு கட்டி கட்டி ஓய்ஞ்சு போச்சு. ஈமெயில் மார்க்கெட்டிங் ஆரம்பிங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஒர்த்தர் 50,000 மெயில் ஐடி 3,000 ரூபாய்க்கு தரேன்னு வாட்ஸப்ல வர்றாரு, வாங்கலாமா? நம்ம ஜனங்க மெயில் எல்லாம் பாக்கறாங்களா, வாட்ஸப்பே போதாதா? ஒரு பர்ஸ் வாங்கினா மூணு வருஷம் திரும்ப வராதவங்களுக்கு மாசாமாசம் என்னத்த எழுதறது? அப்புறம் சின்ன கேள்வி ஒண்ணு, மெயில் அவரு பேர்ல போகணுமா என் பேர்ல போகணுமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு விவரமா சொல்லுங்க.
வாசகி, ஆம்பூர்

பதில்:

தங்கச்சி, அந்த 3,000 ரூபாயை முதல்ல உள்ள வைங்க. அந்த லிஸ்ட் பாதி விலைக்கு தந்தாலும் வேணாம், சும்மா தந்தாலும் வேணாம். அதுல இருக்கற ஒர்த்தருக்கும் உங்க கடை பேரு தெரியாது, யாரும் உங்ககிட்ட மெயில் கேக்கல, திடீர்னு ஒரு பெல்ட் விளம்பரம் வந்து நின்னா என்ன பண்ணுவாங்க, ஸ்பேம் பட்டனைத்தான் அமுக்குவாங்க. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்துல ரொம்ப கறாரா ஆயிட்டாங்க, ஸ்பேம்னு புகார் பண்றவங்க அளவு 0.3 சதவீதத்தை தொடவே கூடாது, 0.1க்கு கீழயே வச்சுக்கோங்கன்னு கூகுள் எழுதியே போட்டிருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க, இன்பாக்ஸுக்குப் போன ஆயிரம் மெயிலுக்கு மூணு பேர் அமுக்கினாலே நீங்க கோட்டைத் தொட்டுட்டீங்க. இதுபோக விக்கற லிஸ்ட்ல யாருமே பயன்படுத்தாத, ஸ்பேமரைப் பிடிக்கறதுக்குன்னே வச்சிருக்கற பொறி ஐடிகளும் கலந்திருக்கும். அதுல ஒண்ணுக்கு மெயில் போனா உங்க டொமைன் பேரு, அதாவது உங்க வெப்சைட் முகவரி, கறுப்புப் பட்டியல்ல ஏற வாய்ப்பு இருக்கு.

இதுல பெரிய நஷ்டம் எங்க தெரியுமா? உங்க கடையோட ஆர்டர் கன்ஃபர்மேஷன், ஷிப்பிங் மெயில் எல்லாமும் அதே டொமைன்ல இருந்துதான் போகுது. டொமைன் பேரு கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு காசு கட்டி பேக் வாங்கின பெங்களூர் கஸ்டமருக்குப் போற பில்லும் ஸ்பேம்ல போய் விழும், அவங்க உங்களை ஃபிராடுன்னு நினைச்சு பேங்க்ல கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டமும் அடுத்தவங்க விவரத்தை அவங்க சம்மதம் இல்லாம இப்படி எடுத்துப் புழங்கறதுக்கு எதிராத்தான் இருக்கு. அந்த லிஸ்ட் விக்கறவரை பிளாக் பண்ணிடுங்க.

வாட்ஸப் போதாதான்னு கேட்டது நியாயமான கேள்வி. நம்ம வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் நிறைய பேருக்கு மெயில் ஐடிங்கறது ப்ளே ஸ்டோர் திறக்க போட்ட ஒண்ணு, அதுக்கு மேல அதைத் திறந்து பாக்கறதே இல்ல, அதை நான் மறுக்கல. ஆனா உங்க பேக்கை 2,500 ரூபாய் குடுத்து ஆன்லைன்ல வாங்கறது யாரு? ஆபீஸ் வேலைல இருக்கறவங்க, சென்னை ஓஎம்ஆர்லயும் பெங்களூர்லயும் இருக்கறவங்க, துபாய்ல இருந்துட்டு ஊர்ல அப்பாவுக்கு கிஃப்ட் அனுப்பறவங்க. இவங்க எல்லாம் தினமும் மெயில் பெட்டியிலதான் உக்காந்திருக்காங்க. வாட்ஸப் பிசினஸ் ஆப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேருதான், அதுவும் உங்க நம்பரை அவங்க ஃபோன்ல சேவ் பண்ணியிருந்தாதான் போய்ச் சேரும். அதுக்கு மேல சாஃப்ட்வேர் வழியா அனுப்பற ஏபிஐன்னு போனா விளம்பர மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் காசு. அதனால சிஓடி கன்ஃபர்ம் பண்றது, பார்சல் எங்க இருக்குன்னு சொல்றது எல்லாம் வாட்ஸப்லயே வச்சுக்கோங்க, நிதானமா படிக்க வேண்டியதை மெயில்ல அனுப்புங்க. இன்ஸ்டாகிராம் அக்கவுன்ட் ஒரு நாள் லாக் ஆனா அத்தனை ஃபாலோயரும் போச்சு, மெயில் லிஸ்டை ஒரு சிஎஸ்வி ஃபைலா டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல வச்சுக்கலாம், எந்த கம்பெனிக்கு மாறினாலும் அது உங்க கூடவே வரும். இது ஒண்ணுக்காகவே நான் சின்னக் கடைக்காரங்க எல்லாரையும் மெயில் ஆரம்பிக்கச் சொல்றேன்.

இப்ப உங்க 640 ஆர்டருக்கு வருவோம். அமேசான், ஃப்ளிப்கார்ட் வழியா வந்த 400ஐ மறந்துடுங்க, அது அவங்க கஸ்டமர், மெயில் ஐடியும் உங்களுக்கு தர மாட்டாங்க. அந்த பார்சலுக்குள்ள உங்க வெப்சைட் கார்டு போட்டு இந்தப் பக்கம் இழுக்கறதும் அவங்க ரூல்படி தப்பு, செல்லர் அக்கவுன்டுக்கே ஆபத்து, அந்த ஐடியாவை யாராவது சொன்னா கேக்காதீங்க. மிச்சம் ஒரு 230, 240 பேரு. ஷாப்பிஃபைல கஸ்டமர்ஸ் பக்கத்துல எக்ஸ்போர்ட் குடுத்து அந்த ஃபைலைத் திறந்தீங்கன்னா விளம்பர மெயிலுக்கு சம்மதிச்சாங்களான்னு ஒரு நெடுவரிசை இருக்கும், யெஸ், நோன்னு. அதுல நோன்னு இருக்கறவங்களை மாச லெட்டர்ல சேக்காதீங்க. அப்படி கழிச்சா 100 பேருதான் தேறினாலும் கவலைப்படாதீங்க, அந்த 100 பேரும் காசு குடுத்து உங்க பொருளைக் கையில வச்சிருக்கறவங்க. நோ போட்டவங்களை எப்படி நியாயமா உள்ள கொண்டு வர்றதுன்னு கீழ சொல்றேன், அதுதான் இந்தப் பதில்லயே முக்கியமான இடம்.

அதுக்கு முன்னாடி டெக்னிக்கல் வேலை, இது ஒரு தடவை பண்ணா போதும். மெயில் ஜிமெயில் ஐடில இருந்து போகக் கூடாது, கடையோட சொந்த டொமைன் பேர்ல ஒரு ஐடி வேணும், ஸோஹோ மெயில் மாதிரி இடத்துல கொஞ்ச செலவுலயே கிடைக்கும். ஜிமெயில் ஐடிய அனுப்புநர் இடத்துல போட்டு வேற கம்பெனி சர்வர் வழியா அனுப்பினா ஜிமெயிலே அதை நம்பாது. சாதா ஜிமெயில்ல பிசிசி போட்டு அனுப்பற வேலையும் வேணாம், அதுல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல போகாதுங்கறது இருக்கட்டும், வேணாம்னு சொல்றவங்க விலகறதுக்கு வழியே இல்லாம போயிடும். எந்த சாஃப்ட்வேர்னு ஒரு மாசம் யூடியூப் பாத்து மண்டைய உடைச்சுக்காதீங்க, இப்போதைக்கு ஷாப்பிஃபை உள்ளயே இருக்கற மெயில் வசதி உங்களுக்கு தாராளம். பிடிக்கலன்னா ஸோஹோ கேம்பெய்ன்ஸ், பிரெவோ, மெயில்சிம்ப்னு பின்னாடி மாறிக்கலாம்.

அப்புறம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு பேரு கேள்விப்படுவீங்க. இந்த டொமைன் பேர்ல மெயில் அனுப்ப யாருக்கு உரிமைன்னு சொல்றது எஸ்பிஎஃப், வழியில யாரும் மெயிலை மாத்தலன்னு கையெழுத்து போடறது டிகிம், இந்த ரெண்டும் பாஸ் ஆகலன்னா அந்த மெயிலை என்ன பண்ணணும்னு ஜிமெயிலுக்கு சொல்றது டிமார்க். ஒரே நாள்ல 5,000 மெயில் அனுப்பறவங்களுக்குத்தான் மூணும் கட்டாயம், உங்க அளவுக்கு முதல் ரெண்டுல ஒண்ணு இருந்தாலே ரூல் திருப்தி ஆயிடும், ஆனாலும் மூணையும் இப்பவே போட்டுடுங்க. மெயில் சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல டொமைனை வெரிஃபை பண்ணச் சொல்லி சில வரி தரும், அதை டொமைன் வாங்கின இடத்துல டிஎன்எஸ் பக்கத்துல ஒரு எழுத்து மாறாம காப்பி பேஸ்ட் பண்ணணும், டிமார்க்கை முதல்ல p=none நிலையில வைங்க, அதாவது எதையும் தடுக்காம சும்மா கவனிக்கற நிலை. முடிஞ்சதும் உங்க ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டர்ல திறந்து, ஓரத்துல மூணு புள்ளிய அமுக்கி ஷோ ஒரிஜினல் குடுங்க. மேல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுக்கும் பக்கத்துல பாஸ்னு இருக்கணும். ஒண்ணு ஃபெயில்னு இருந்தாலும் அதைச் சரி பண்ணாம கஸ்டமருக்கு மெயில் போகக் கூடாது.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது. எல்லாரும் வெல்கம் மெயில், 10 பர்சென்ட் ஆஃபர்னு ஆரம்பிப்பாங்க. நீங்க பொருள் கைக்குப் போன பின்னாடி போற மெயில்ல இருந்து ஆரம்பிங்க. தோல் சாமான்ங்கறது வாங்கினதுக்கு அப்புறம்தான் கேள்வி வர்ற பொருள். டெலிவரி ஆகி ஒரு வாரம் கழிச்சு, அதை எப்படி வச்சுக்கணும்னு சொல்ற ஒரு மெயில், அதுல ஆஃபர் கிடையாது, வேற பொருள் போட்டோ கிடையாது. எப்படி இருக்கணும்னு நானே ஒண்ணு எழுதிக் காட்டறேன்.

சப்ஜெக்ட்: பர்ஸ் கலர் மாறுதா? நல்லதுதான்

வணக்கம். போன வாரம் வாங்கின பர்ஸ் இந்நேரம் உங்க பாக்கெட்டுல இருக்கும். இது மரப்பட்டைச் சாறுல பதம் பண்ண தோல், கை படப்பட வெளிச்சம் படப்பட கொஞ்சம் கொஞ்சமா கலர் ஏறும். அது கெட்டுப் போறது கிடையாது, இந்தத் தோலோட குணமே அதான். மழையில நனைஞ்சா துணியால ஒத்தி எடுத்து நிழல்ல ஃபேன் காத்துல காய விடுங்க. வெயில்ல வைக்காதீங்க, ஹேர் டிரையர் போடாதீங்க, தோல் வெறச்சு வெடிச்சுடும். தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, திட்டுத் திட்டா கறுத்துடும். தையல் எங்கயாவது விட்டுப் போனா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, நாங்களே தைச்சு அனுப்பறோம். நீங்க எத்தனை கார்டு வைக்கறீங்கன்னு ஒரு வரி எழுதினா அடுத்த பர்ஸுக்கு எங்களுக்கு உதவும். இது மாதிரி மாசம் ஒரு மெயில் வேணும்னா கீழ அமுக்குங்க, வேணாம்னா ஒண்ணும் பண்ண வேணாம்.

அவ்வளவுதான். கடைசி வரியப் பாருங்க, முன்ன நோ போட்டவங்க நியாயமா உள்ள வர்ற வழி அதுதான். அவங்க வாங்கின பொருளைப் பத்தின தகவலை சொல்றீங்க, அது பிடிச்சிருந்தா அவங்களே கேட்டு சேருவாங்க. இன்னொண்ணு, கலர் மாறிடுச்சு டேமேஜ் பீஸ் குடுத்துட்டீங்கன்னு கோவமா வர்ற ரிட்டர்ன் பாதி இந்த மெயில்லயே அடங்கும். ஆனா ஒரு எச்சரிக்கை, குரோம் உப்புல பதம் பண்ண தோல்ல தைச்ச பேக்குக்கு இந்த மெயில் போகக் கூடாது, அது இப்படி கலர் ஏறாது, உங்க வீட்டுக்காரருக்கு இது நல்லாவே தெரியும். அதனால ஒவ்வொரு பொருளுக்கும் கடைல டேக் போட்டு, மரப்பட்டைல பதம் பண்ண வெஜ் டேனுக்கு ஒரு மெயில், குரோமுக்கு ஒரு மெயில்னு பிரிச்சு வைங்க. சிஓடி ஆர்டருக்கு டெலிவர்டுன்னு உறுதியான பின்னாடிதான் அனுப்பணும், பார்சலை வாங்காம திருப்பி அனுப்பினவங்களுக்கு பர்ஸைப் பத்திரமா பாத்துக்கோங்கன்னு மெயில் போனா நல்லாவா இருக்கும். இதை தானா போற மாதிரி செட் பண்ண வரலன்னா விடுங்க, உங்க ஆர்டர் அளவுக்கு வாரத்துல ஒரு நாள் ராத்திரி உக்காந்து கையாலயே அனுப்பிடலாம், ஆரம்பத்துல அதுவே நல்லதும் கூட, யாரு என்ன பதில் போடறாங்கன்னு நேரா பாப்பீங்க.

மூணு வருஷம் வராதவங்களுக்கு என்ன எழுதறதுன்னு கேட்டீங்களே, ஆம்பூர்ல உக்காந்துட்டு இந்தக் கேள்விய கேக்கறீங்களே தங்கச்சி! வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு உங்களைச் சுத்தி இருக்கற தோல் அறிவு நாட்டுல வேற எங்க இருக்கு? கடைல ஜெனுவின் லெதர்னு அச்சு குத்தி விக்கறதை நம்பி ஏமாந்தவங்க எத்தனை பேரு. வெட்டின ஓரத்தைப் பாத்தாலே அடியில துணி தெரிஞ்சா அது பியூங்கற செயற்கைத் தோல், தோல் தூளைப் பசை போட்டு ஒட்டினது பாண்டட் லெதர், மேல்பக்கத்தைத் தேய்க்காத ஃபுல் கிரெய்ன் தோல்ல மாட்டோட கொசுக்கடித் தழும்பு கூட அப்படியே இருக்கும்னு ஒரு மெயில் எழுதுங்க, ஃபோன்ல கிட்ட வச்சு எடுத்த ரெண்டு போட்டோ போதும். அந்த ஒரு மெயிலை ஜனங்க ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்டு பண்ணுவாங்க.

காலத்துக்கு ஏத்த மாதிரி எழுதறதுக்கும் நிறைய இருக்கு. ஐப்பசி மழை பிடிச்சதும் பீரோவுக்குள்ள இருக்கற பேக்ல பூஞ்சை பூக்கும், பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி வைக்காதீங்க, காட்டன் துணிப் பையில வைங்க, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, பூத்துட்டா காத்தாட வச்சு காஞ்ச துணியால துடைங்கன்னு அந்த வாரம் எழுதினா அது அன்னிக்கே அவங்களுக்குத் தேவைப்படற விஷயம். சித்திரை வெயில்ல, அதுவும் நம்ம வேலூர் வெயில்ல கார் டேஷ்போர்டுல பர்ஸை வச்சா என்ன ஆகும்னு ஒரு மெயில். முந்தி ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு பதம் பண்ணி இங்கேர்ந்து கப்பல் ஏறின தோலுக்கு ஈஸ்ட் இந்தியா லெதர்னே பேரு, அதுக்கு புவிசார் குறியீடும் இருக்கு, அதுக்கும் இப்ப குரோம்ல பதம் பண்ணி வர்ற வெட் ப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்னு உங்க வீட்டுக்காரர் வாயால சொல்ல வச்சு எழுதுங்க. ஓரம் சீவறது, ஓரத்துக்கு பெயின்ட் அடிச்சு காய வைக்கறதுன்னு மாடியில தினமும் நடக்கற வேலை உங்களுக்கு சாதாரணம், வாங்கினவங்களுக்கு அது தெரியாத உலகம்.

பாலாறு பத்தி யாராவது கேட்டு எழுதுவாங்க, பெங்களூர் பக்கத்து கஸ்டமர் கண்டிப்பா கேப்பாங்க. மழுப்பாதீங்க. தோல் பதனிடற டேனரி கழிவால பாலாறு என்ன ஆச்சுங்கறது நம்ம பகுதிக்கே தெரிஞ்ச கதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே வந்தது. உங்களுக்குத் தோல் எந்த டேனரில இருந்து வருது, அவங்க கழிவுத் தண்ணிய பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பறாங்களான்னு விசாரிச்சு, தெரிஞ்சதை அப்படியே எழுதுங்க. விசாரிக்காம எக்கோ ஃப்ரெண்ட்லின்னு ஒரு வார்த்தை கூட மெயில்ல வரக் கூடாது.

மாசம் ஒண்ணு போதும், ரம்ஜான், தீபாவளி சமயத்துல ரெண்டு. விக்கறதுக்கான மெயிலும் வேணும்தான். ஒரு ஆளு மூணு வருஷத்துக்கு ஒரு பர்ஸ்தான் வாங்குவாரு, ஆனா அதே ஆளு தம்பி கல்யாணத்துக்கு, அப்பா ரிட்டயர்மென்டுக்கு, ஆபீஸ்ல பத்து பேருக்கு தீபாவளி கிஃப்டுக்குன்னு வாங்குவாரு. பேர் எழுத்து அச்சு போட்டுத் தர்ற வேலைக்கு நாள் பிடிக்கும்ங்கறதால தீபாவளி ஆர்டர் மெயிலை ரெண்டு மாசம் முன்னாடியே அனுப்பிடுங்க, கடைசி நாள் எதுன்னு தேதி போட்டு அனுப்புங்க.

லிஸ்டை எப்படி வளக்கறது? செக்அவுட்ல சம்மதம் கேக்கற கட்டத்தை முன்னாடியே டிக் பண்ணி வைக்காதீங்க, அவங்களா டிக் பண்ணணும். உங்க வெப்சைட் பார்சலுக்குள்ள பராமரிப்பு கார்டு ஒண்ணு, அதுல கியூஆர் கோடு. வெப்சைட்ல பாப்அப் வைக்கறதா இருந்தா ஆள் உள்ள வந்த உடனே மூஞ்சில அடிக்காம கொஞ்சம் பொருள் பாத்த பின்னாடி வர்ற மாதிரி வைங்க. 10 பர்சென்ட் தள்ளுபடிக்கு பதிலா முதல் ஆர்டருக்கு இனிஷியல் அச்சு ஃப்ரீன்னு போடுங்கன்னு நான் சொல்வேன், உங்களுக்கு அதுல செலவு கம்மி, தள்ளுபடிக்காக மட்டும் வர்ற கூட்டமும் சேராது. வேலூர்லயோ சென்னையிலயோ எக்ஸிபிஷன் ஸ்டால் போட்டா நோட்டுல ஐடி எழுதி வாங்கினா டாட் காம்க்கு டாட் கான்னு படிச்சு அடிச்சுடுவோம், ஃபோன்லயே டைப் பண்ணச் சொல்லி, மெயில்ல வர்ற லிங்க்கை ஒரு தடவை அமுக்கி உறுதி பண்ற மாதிரி வச்சுடுங்க. சேரும்போதே தமிழா இங்கிலீஷான்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க. சேர்ந்த உடனே ஒரு வெல்கம் மெயில் தானா போகணும், நீங்க யாரு, மாசம் எத்தனை மெயில் வரும்னு நாலு வரி.

கார்ட்ல பொருளைப் போட்டுட்டு வாங்காம போறவங்களுக்கு சில மணி நேரத்துல ஒரே ஒரு நினைவு மெயில், சம்மதம் குடுத்தவங்களுக்கு மட்டும். அதுல தள்ளுபடி வேணாம், அவங்க ஏன் நின்னாங்கங்கற சந்தேகத்துக்கு பதில் வேணும். பெல்ட்ல பெரும்பாலும் சைஸ் குழப்பம்தான். இப்ப போட்டிருக்கற பெல்ட்டை எடுத்து, பக்கிள் ஆரம்பிக்கற இடத்துல இருந்து தினமும் மாட்டற ஓட்டை வரைக்கும் அளந்து அந்த அளவை சொல்லுங்க, பேண்ட் 34ன்னா பொதுவா பெல்ட் 36 எடுக்கலாம்னு எழுதினா போதும்.

மெயிலை கேன்வால போஸ்டர் பண்ணி ஒரே படமா ஒட்டி அனுப்பற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு, தயவுசெஞ்சு வேணாம். படம் லோடு ஆகலன்னா வெறும் கட்டம்தான் தெரியும். எழுத்தா எழுதுங்க, நடுவுல ஒண்ணு ரெண்டு படம். தமிழ்ல எழுதறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஜிமெயில் 102 கேபிக்கு மேல போற மெயிலை பாதியில வெட்டிடும், தமிழ் எழுத்து ஒண்ணுக்கு மூணு பைட், கொம்போ காலோ சேர்ந்தா ஆறு, டெம்ப்ளேட்டோட பாரமும் சேர்ந்து நீளமான மெயில் அந்த அளவை சீக்கிரம் தொட்டுடும். வெட்டினா அடியில இருக்கற அன்சப்ஸ்கிரைப் லிங்க் மறைஞ்சு போகும், விலக வழி தெரியாதவங்க ஸ்பேம் பட்டனைத்தான் தேடுவாங்க. விலகறேன்னு சொன்னா ஒரே கிளிக்ல விலகணும், ரெண்டு நாளுக்குள்ள லிஸ்ட்ல இருந்து எடுத்திருக்கணும். நாலு பேர் விலகினா மனசு கஷ்டப்படாதீங்க, அவங்க புகார் பண்ணாம போனதே உங்களுக்கு நல்லது.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தாங்கன்னு ஓப்பன் ரேட்னு ஒரு நம்பர் காட்டும், அதை நம்பி சந்தோஷப்படவும் வேணாம் அழவும் வேணாம். 2021ல இருந்து ஆப்பிள் மெயில் ஆப்ல பிரைவசி வசதி வந்ததுல அவங்க திறக்காத மெயிலும் திறந்த கணக்குல ஏறிடுது. எத்தனை பேர் கிளிக் பண்ணாங்க, எத்தனை பேர் பதில் எழுதினாங்க, எத்தனை ஆர்டர் வந்தது, இந்த மூணைப் பாருங்க. 100 பேர் லிஸ்ட்ல சதவீதத்துக்கு அர்த்தமே இல்ல, பேரைப் பாருங்க, யாரு எதை அமுக்கினாங்கன்னு பாருங்க. ஜிமெயில்ல ப்ரமோஷன்ஸ் டேப்ல போய் விழுதேன்னு தந்திரம் எல்லாம் பண்ண வேணாம், கடை மெயில் அங்க போறது இயல்பு, வேணும்ங்கறவங்க அங்க வந்து படிக்கறாங்க. ஆறு மாசமா எதையும் அமுக்காதவங்களுக்கு இன்னும் அனுப்பட்டுமான்னு ஒரு மெயில் கேட்டுட்டு, பதில் இல்லன்னா எடுத்துடுங்க.

கடைசியா, யாரு பேர்ல போகணும்னு கேட்டீங்க. உங்க பேர்ல போகட்டும், உங்க பேரும் பக்கத்துல கடை பேரும். எழுதப் போறது நீங்க, பதில் வந்தா படிச்சு பதில் எழுதப் போறதும் நீங்க. நோ ரிப்ளைன்னு ஐடி மட்டும் வச்சுடாதீங்க. தோல், தையல் பத்தி கேள்வி வந்தா வீட்டுக்காரர்கிட்ட கேட்டு அவரு சொன்னதை அவரு பேரைப் போட்டே எழுதுங்க, கட்டிங் டேபிள்ல இத்தனை வருஷம் நின்னவரோட வார்த்தைன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும். அந்தப் பராமரிப்பு மெயிலை குரோம் தோலுக்கு உங்க வார்த்தையில எழுதி எனக்கு அனுப்புங்க, கஸ்டமருக்குப் போறதுக்கு முன்னாடி பாத்து சொல்றேன்.